பாத்தாலே எறங்குற கொடி

வரும் மச்சான், சண்டை வராம இருக்குமா. ஒரே கார்டு, ரெண்டு டிரைவர். ஆனா உங்க பஸ் டெப்போ சண்டை மாதிரி இல்ல, ஸ்டியரிங்க ஆளுக்கொரு பக்கம் புடிச்சு இழுக்கறது கெடையாது. டிரைவர்னா இங்க ஆள் இல்ல, புரோகிராம். கம்ப்யூட்டர் உள்ள ஒரு அட்டை சொருகியிருக்கும், நெட்வொர்க் கார்டு, வெளிய இருந்து வர்ற ஒயரு அதுலதான் வந்து முடியும். அந்த ஒத்த ஒயர்ல ரெண்டு வகை சரக்கு வருது. ஒண்ணு சாதாரண சரக்கு, மெயிலு, வீடியோ, அந்த மாதிரி. இன்னொண்ணு டிஸ்க் சரக்கு, அதாவது எங்கயோ இருக்கற டிஸ்க்க இங்கயே இருக்கற மாதிரி காட்டணும். மெயிலுக்கு ஒரு டிரைவர், டிஸ்க்குக்கு ஒரு டிரைவர். ரெண்டு பேரும் கெர்னலுக்குள்ள உக்காந்திருக்காங்க, கெர்னல்னா கம்ப்யூட்டரோட மொத்த நிர்வாகமும் அதுதான்னு வெச்சுக்கங்க. "அப்ப சரக்கு வந்தா எவன் மொதல்ல ஓடுறது?" அதுக்குத்தான் மச்சான் நடுவுல மூணாவதா ஒருத்தன். சரக்கு வந்ததும் கார்டு ஒரு கொடி தூக்கும், மெயிலு வந்தா ஒரு கொடி, டிஸ்க் வந்தா ஒரு கொடி, எல்லாம் ஒரே வரிசையில. நடுவுல இருக்கறவன் மட்டும் வந்து அந்த வரிசைய பாப்பான், இது உனக்கு, இது உனக்குன்னு பிரிச்சு விடுவான், அதான் எங்க வேலை, அந்த நடுவுல இருக்கறவன எழுதறது. "சரி, கொடிய யாரு எறக்குறது?" யாரும் எறக்க வேணாம் மச்சான், பாத்தாலே எறங்கிடும். அவன் வந்து படிச்சான்னாலே கார்டு நெனச்சுக்கும், ஆங், சேதி போய் சேந்துடுச்சுன்னு, எல்லாக் கொடியையும் தானா எறக்கிடும், யாரு பாத்தாலும் எறங்கிடும், அப்படின்னு சொல்லிட்டு நான் வாய மூடினேன். தங்கச்சி வீட்டுக்காரரு ஏழுமலை மச்சான் அதுக்குள்ள சமையல்காரன் கூப்பிட்டான்னு பட்டு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு பின்பக்கம் ஓடிட்டாரு, போற போக்குல "நீங்க எது சொன்னாலும் நல்லாத்தான் இருக்குது மச்சான், ஒரு எழவும் புரியல"ன்னு சிரிச்சிட்டுப் போனாரு. புரியாட்டி பரவால்ல. எனக்கு இப்பத்தான் ஏதோ புரியற மாதிரி இருக்குது.

யாரு பாத்தாலும் எறங்கிடும். நானே சொன்னது. என் வாயில இருந்துதான் வந்துச்சு, மைக்ல நாதஸ்வரம் பீறிக்கிட்டு இருக்கும்போது, திருத்தணியில, மலைக்குக் கீழ இந்த மண்டபத்துல, பிளாஸ்டிக் சேர்ல உக்காந்துக்கிட்டு. அம்பத்தூர் ஆபீஸ்ல ஏசி ரூம்ல, கார்டு ஏன் நின்னு நின்னு போகுதுன்னு மூணு பேரு மண்டைய ஒடச்சுக்கிட்டப்ப வரல, கேசரி வாசனையில வருது. யாரு பாத்தாலும்னா யாரு? நடுவுல இருக்கறவன் மட்டும்தானே பாக்கறான், அதுக்குத்தானே அவன வெச்சோம், வேற யாரும் அந்தப் பக்கம் போகக்கூடாதுன்னு கட்டளை. வேற யாரு பாக்கறா? அங்க முன் வரிசையில எங்க அண்ணன் தணிகாசலம் கைய கட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு, மூஞ்சி இன்னும் முழுசா சரியாகல. காதுகுத்து பத்திரிகை விவகாரம். எங்க வீட்ல கீழ நான், மாடியில அவரு. தங்கச்சி பவுனு தட்டும் பத்திரிகையுமா வந்தா, கீழ என் வீட்டுக்காரி கெஜா இருந்தா, வாங்க வாங்கன்னு தட்ட வாங்கிக்கிட்டா. மாடியில அண்ணி பவுனு கொரல் கேட்டு பொடவை மாத்திக்கிட்டு காத்திருக்காங்க, மேல வருவான்னு. பவுனு நெனச்சா, ஒரே வீடு, வெச்சாச்சு. அண்ணன் சொன்னாரு, எனக்கு வெக்கல. பவுனு சொன்னா, வெச்சாச்சே. ரெண்டு பேரும் பொய் சொல்லல, ரெண்டு பேரும் மூணு வாரம் பேசல. நடுவுல கெஜா, "நான் என்னங்க பண்ணேன், வந்தவங்கள வான்னுகூட சொல்லக்கூடாதா?" அவ ஒண்ணுமே பண்ணல. நலம் விசாரிச்சா. நலம் விசாரிச்சதுலயே கொடி எறங்கிடுச்சு. நலம் விசாரிச்சதுலயே. டேய் சிங்காரம். நர்ஸுடா. நர்ஸு!

நர்ஸு பாக்கறாடா. கத்தப் பாத்தேன், பக்கத்துல ஒரு பெரியம்மா வெத்தல மடிச்சுக்கிட்டு இருக்காங்க, கத்தல. நர்ஸுன்னா எங்க ஆபீஸ்ல ஒரு குட்டி புரோகிராமுக்கு நாங்க வெச்ச பேரு. கஸ்டமர் கேட்டாங்க, கார்டு நல்லா இருக்குதா, சூடு எவ்வளவு, எவ்வளவு சரக்கு வந்துச்சு, அப்பப்ப பாத்து சொல்லணும்னு. சரின்னு எழுதினோம். ஆஸ்பத்திரியில வார்டு வார்டா ரவுண்ட்ஸ் வர்ற மாதிரி வரும், கார்டு கணக்கு எழுதி வெக்கற கட்டத்த எல்லாம் மேல இருந்து கீழ வரைக்கும் ஒண்ணு விடாம படிக்கும், குறிச்சுக்கும், போயிடும். என் கூட வேலை செய்யற ஷகிலாதான் பேரு வெச்சா. ஒண்ணு விடாம. ஒண்ணு விடாமன்னா கொடி வரிசையும் அதுல ஒரு கட்டம்தானே. மத்த கட்டமெல்லாம் படிச்சா ஒண்ணும் ஆகாது, அப்படியே இருக்கும், சூடு படிச்சா சூடு எறங்கிடுமா? கொடி எறங்கும். நர்ஸு நாடி புடிச்சுப் பாக்க வந்தா, பாத்தா, எழுதினா, போனா, அவளுக்குத் தெரியாது தட்ட வாங்கிட்டோம்னு. கார்டு நெனைக்குது, சொல்லிட்டேன், எடுத்துக்குவாங்கன்னு. நடுவுல இருக்கறவன் நெனைக்கறான், கொடி இல்ல, அப்ப ஒண்ணும் வரல. டிஸ்க் டிரைவர் மாடியில பொடவை மாத்திக்கிட்டு உக்காந்திருக்கான். எல்லாரும் மரியாதையா காத்துக்கிட்டு இருக்காங்க. அதத்தான் நாங்க ரெண்டு மாசமா கார்டு நின்னுடுச்சு, கார்டு நின்னுடுச்சுன்னு கத்தினோம். அது நிக்கலடா, காத்துக்கிட்டு இருந்துச்சு.

உள்ளங்கை வேர்க்குது. சட்டையில தொடச்சுக்கறேன், புதுச் சட்டை, தாய்மாமன்னு பவுனு எடுத்துக் குடுத்தது, மாங்கா கலர், நான் போட்டா ஏதோ டவுன் பஸ் மாதிரி இருக்குது. பொறு. சந்தோசப்படாத. எத்தன தடவ இப்படி சந்தோசப்பட்டோம். போன மாசம் கூட ஒயர்தான் காரணம்னு சொல்லி ஸ்வீட் பாக்ஸ் பிரிச்சோம், ஸ்வீட் தீர்றதுக்குள்ள கார்டு நின்னுடுச்சு. நின்னதும் என்ன பண்ணினோம்? யோசி. நின்னதும் மொதல் வேலையா நர்ஸ அடிக்கடி வரச் சொன்னோம். சீரியஸ் கேஸ், அடிக்கடி பாருன்னு. அடிக்கடி பாத்தா. அடிக்கடி நின்னுச்சு. ஐயோ. இன்னும் அடிக்கடி பாக்கச் சொன்னோம். எங்க பாஸ் ராகினி மேடம் வெள்ளைப் பலகையில கோடு போட்டுக் காட்டினாங்க, பாருங்க, நாளாக நாளாக மோசமாகுது, இது புரோகிராம் கோளாறா இருந்தா ஒரே மாதிரி இருக்கணும், மோசமாகுதுன்னா அட்டையே கெட்டுப்போகுது, இன்னாசி சார், உங்க போர்டுதான்னு. மேடம் தப்பா சொல்லல. அந்தக் கோட்ட யாரு பாத்தாலும் அதத்தான் சொல்லுவாங்க, நானும் தலையாட்டினேன், ஷகிலாவும் ஆட்டினா. இன்னாசி சார் மட்டும் போர்ட கையில எடுத்து தூசி இல்லாத எடத்துல தூசி தட்டினாரு. கோடு ஏறினதெல்லாம் நாங்க எட்டி எட்டிப் பாத்த கணக்கு. போர்டோட சீக்கு இல்ல, எங்களோட அக்கறை.

இன்னாசி சார்தான் அந்த அட்டைய வரைஞ்சவரு. மயிரிழை மாதிரி செம்புக் கோடுங்க, ஒண்ண ஒண்ணு தொடாம, வளைஞ்சு நெளிஞ்சு, ஒரே நீளத்துக்கு வரணும்னு சிலத வேணும்னே சுத்த விட்டு வரைஞ்சிருப்பாரு. பல்லு குத்துற குச்சிய வாயில வெச்சுக்கிட்டு, "வா தங்கம், இந்தப் பக்கம் வா தங்கம்"னு கோடோட பேசுவாரு. வெளிநாட்டு கார்ட வாங்கி ஸ்டிக்கர் ஒட்டாம நம்மளே பண்ணலாம்னு மேடத்த ஒத்துக்க வெச்சதும் அவருதான். இப்ப அந்த போர்டெல்லாம் பொட்டியில இருக்குது, இன்னிக்கு சாயங்காலம் மேடம் கஸ்டமருக்கு மெயில் அனுப்பப் போறாங்க, எங்க கார்டுல அட்டையிலயே கோளாறு, வேணாம், வெளி கார்டு வாங்கித் தர்றோம்னு. அனுப்பிட்டா முடிஞ்சுது, பொட்டி ஸ்கிராப்புக்குப் போகும். இன்னாசி சார் வெள்ளிக்கெழம டீ கடையில சொன்னாரு, "ஒண்ணாந்தேதியோட வேலையில இருந்து நின்னுக்கறேன் சிங்காரம். வயசான காலத்துல மச்சினன் மரக்கடை இருக்குது, மரம் நின்னுடாது." நான் ஏதாவது தமாஷா சொல்லணும்னு பாத்தேன், வரல, டீயில ஈ விழுந்துடுச்சுன்னு சொன்னேன். இப்ப வருது, சாயங்காலத்துக்குள்ள ஷகிலாகிட்ட சொல்லணும், அவ இன்னிக்கும் ஆபீஸ்லதான் இருக்கா, ஞாயித்துக்கெழமன்னு பாக்காம. போன் எங்க? போன் எங்கடா? போன் மேடையில.

என் போன் மேடையில கெஜா கையில இருக்குது. தோஹாவுல இருக்கற கொழந்தையோட சித்தப்பா, ஏழுமலை மச்சானோட தம்பி, லீவு கெடைக்கல, வீடியோவுல காதுகுத்து பாக்கணும்னாரு. நல்ல கேமரா என்னுதுதான்னு பவுனு புடுங்கிட்டா. பவுனு பொண்ணு தன்ஷிகா மொட்டைத் தலையில சந்தனம் பூசி, பட்டுப் பாவாடை கட்டி, எல்லாரையும் ஒரு மாதிரி பாத்துக்கிட்டு இருக்கா, அவளுக்குத் தெரிஞ்சுடுச்சு இன்னிக்கு தனக்கு ஏதோ இருக்குதுன்னு. காது குத்துற ஆசாரி இன்னும் வரல, மேல கோயில்ல வேற புள்ளைக்கு குத்திக்கிட்டு இருக்காராம், இன்னிக்கு முகூர்த்தம், ஊரு பூரா மொட்டையும் காதும்தான், ஆசாரி ஒருத்தரு, காது எத்தனையோ. அவரையும் எவனோ நடுவுல நின்னு பிரிச்சு விடணும். வேற யாருகிட்டயாவது போன் வாங்கலாம், ஷகிலா நம்பர்? எவனுக்கு இந்தக் காலத்துல நம்பர் ஞாபகம் இருக்குது, என் கல்யாணத்துக்கு முன்னாடி கெஜா வீட்டு பக்கத்து மளிகைக் கடை நம்பர் இன்னும் ஞாபகம் இருக்குது, ஷகிலா நம்பர் இல்ல. மேடைக்குப் போறேன். "கெஜா, ஒரு நிமிசம் போனக் குடு." "என்னங்க, லைன்ல இருக்காரு பாருங்க, கொழந்தைய பாத்துக்கிட்டு இருக்காரு." "ஒரு நிமிசம்தான்." "ஞாயித்துக்கெழம ஒரு நாளாவது ஆபீஸ் இல்லாம இருக்க முடியாதா உங்களால? தாய்மாமன் மூஞ்சியா இது, இவரு மூஞ்சிய பாருங்க தம்பி"ன்னு போன என் பக்கம் திருப்பிட்டா. தோஹாக்காரரு வணக்கம் மாமான்னாரு. நானும் வணக்கம்னேன். வேற என்ன பண்றது. அப்ப ஒரு நல்ல காரியம் நடந்துச்சு, தோஹாக்காரரு அப்படியே ஒறஞ்சு நின்னுட்டாரு, வாய பாதி தொறந்துக்கிட்டு. நெட்வொர்க் போச்சு. வாழ்க்கையில மொத தடவையா நெட்வொர்க் போனதுக்கு சந்தோசப்பட்டவன் நான்தான். "திரும்ப அவரே கூப்பிடுவாரு"ன்னு கெஜா சொல்றதுக்குள்ள போன வாங்கிட்டு தூணுக்குப் பின்னாடி போயிட்டேன்.

ஷகிலா எடுத்தா. "என்ன சார், காது குத்தியாச்சா, உங்களுக்கு?" அவ இப்படித்தான். "ஷகிலா, நர்ஸு கொடிய படிக்கறா." "இருங்க சார், புரோகிராம பாக்கறேன்." கீபோர்டு சத்தம். "மேல இருந்து கீழ வரைக்கும்... விடாம... ஆமா. ஆமா சார். யா அல்லா, நாம மூணு பேரும் உக்காந்து சரின்னு சொன்ன புரோகிராம் சார் இது." "சொன்னோம். இப்ப கேளு. மொதல்ல நர்ஸ விடாம ஓட விடு, மூச்சு விடாம ரவுண்ட்ஸ் வரணும். நான் சொல்றது சரின்னா உடனே நிக்கணும்." "ஓட விட்டாச்சு." நான் தூண்ல இருக்கற சுண்ணாம்ப நகத்தால சொரண்டிக்கிட்டு இருக்கேன். "நின்னுடுச்சு சார்! நின்னுடுச்சு! படக்குனு நின்னுடுச்சு!" கார்டு நின்னதுக்கு எவளாவது இப்படி கும்மாளம் போட்டு பாத்திருக்கீங்களா, ரெண்டு மாசமா நிக்கறப்பல்லாம் எழவு வீடு மாதிரி இருந்த ரூமு. "சரி, இப்ப நர்ஸ வீட்டுக்கு அனுப்பிடு. சுத்தமா வேணாம். சரக்கு முழுசா விடு, மெயிலும் டிஸ்க்கும், கார்டு மூச்சு முட்டணும். ரெண்டு டீ குடிக்கிற நேரத்துக்குள்ள எப்பவும் நின்னுடும்ல, பாப்போம்." "சரி சார். சொல்றேன்." அதுக்குள்ள கெஜா தூணுக்குப் பின்னாடி வந்துட்டா, கைய நீட்டிக்கிட்டு, போன் அதிருது, தோஹா வருது. நான் அவசரத்துல சொன்னேன், "ஷகிலா, நின்னா மட்டும் கூப்பிடு. ஓடுச்சுன்னா கூப்பிடாத, போன் என்கிட்ட இருக்காது." வெச்சுட்டேன். குடுத்துட்டேன். வந்து சேர்ல உக்காந்துட்டேன்.

இப்ப என்ன பண்றது. ஒண்ணும் பண்ண வேணாம். கூப்பிடாம இருந்தா நல்ல சேதி. ஒவ்வொரு நிமிசமும் ஒண்ணும் நடக்காம இருக்கறதுதான் நடக்குது, என்ன அருமையா இருக்குது. மேளக்காரரு அடிக்கறாரு, நாதஸ்வரக்காரரு கன்னம் பலூன் மாதிரி ஊதுது, அம்பத்தூர்ல பொட்டிக்குள்ள சரக்கு ஓடுது, மெயிலு டிஸ்க்கு மெயிலு டிஸ்க்கு, கொடி ஏறுது, நம்ம ஆளு பாக்கறான், கொடி எறங்குது, இது உனக்கு இது உனக்கு, யாரும் எட்டிப் பாக்கல. ஓடு தங்கம். இன்னாசி சார் மாதிரியே பேச ஆரம்பிச்சுட்டேன். நான் எல்லாம் இந்த வேலைக்கு வந்ததே ஒரு கூத்து, பகல்ல கிண்டியில ரேடியோ கடையில சால்டரிங், ஆறு மணிக்கு மேல ஈவினிங் பாலிடெக்னிக், கிளாஸ்ல பாதி பேரு தூங்குவான், மீதி பேரு தூங்கறவன பாத்து கொட்டாவி விடுவான், எனக்கு மட்டும் ஏன் தூக்கம் வரலன்னா ஈயப் புகை மூக்குல ஏறிக்கிட்டு இருக்கும். அங்கதான் மொதல்ல படிச்சேன், ஒரே கம்பியில பல பேச்சு போக முடியும்னு. பொம்பளைங்க கொழாயடியில பண்றதுதானேன்னு எழுந்து சொன்னேன், வாத்தியாரு வெளிய போகச் சொல்லல, அவருக்கும் தூக்கம். இப்பவும் அதேதான், ஒரே கம்பி, பல பேச்சு, எவன் பேச்ச எவன் காதுல போடறதுன்னு. காதுன்னதும் தன்ஷிகா அழுவறா. ஆசாரி வந்துட்டாரா? இல்ல, பூ குத்திடுச்சாம். பொறுடி, அதுக்கே அழுதா எப்படி. போன் அடிக்குது! யாரு போன்? பின் வரிசையில எவனோ. பாதி எந்திரிச்சவன் திரும்ப உக்காந்தேன். இந்த மண்டபத்துல இருக்கற எல்லாரும் ஒரே ரிங் டோன் வெச்சிருப்பானுங்களா.

பொங்கல். ஐயோ, பொங்கல். பொங்கலன்னிக்கு நின்னுச்சே. இது எங்க இருந்து வந்துச்சு, நல்லா இருந்தேனே. பொங்கலன்னிக்கு ஆபீஸ் லீவு, ஒருத்தரும் இல்ல, போறதுக்கு முன்னாடி நானே நர்ஸ நிறுத்திட்டுத்தான் போனேன், லீவு நாள்ல பாக்கறதுக்கு ஆள் இல்லையேன்னு. கார்டு மட்டும் ஓடிக்கிட்டு இருந்துச்சு, மறுநாள் வந்து பாத்தா நின்னுருக்குது. நர்ஸு இல்லாம நின்னுருக்குது. அப்ப நர்ஸு இல்ல காரணம். அப்ப ஷகிலா ஓட விட்டப்ப உடனே நின்னது? அது வேற காரணமா, ரெண்டு கோளாறா? ரெண்டு கோளாறு இருந்தா இப்ப ஓடிக்கிட்டு இருக்கறதும் நிக்கும். நிக்கத்தான் போகுது. நான் ஒரு கோளாற கண்டுபுடிச்சுட்டு குதிச்சுட்டேன், உண்மையான கோளாறு போர்டுலதான் இருக்குது, மேடம் சொன்னதுதான் சரி, இன்னாசி சாருக்கு ஒரு மணி நேரம் நம்பிக்கை குடுத்துட்டு அப்பறம் புடுங்கறதுக்கு நான் எதுக்கு. ஷகிலா அவருகிட்ட சொல்லியிருப்பா, அவ வாய் சும்மா இருக்காது, அவரு பல்லாவரத்துல வீட்ல பிரியாணிய பாதியில விட்டுட்டு வண்டிய எடுத்திருப்பாரு. மேளம் ஏன் இவ்வளவு வேகமா அடிக்கறாங்க. பெரியம்மா வெத்தலைய நீட்டறாங்க, "போட்டுக்கப்பா, மூஞ்சி ஏன் வெளுத்துப் போச்சு, புள்ளைக்கு காது குத்தறத பாக்கவே பயமா?" ஆமாம்மா பயம்தான்னு வாங்கி வாயில போட்டேன், சுண்ணாம்பு அதிகம், நாக்கு வெந்துடுச்சு. பொங்கல். பொங்கலன்னிக்கு யாரு பாத்தா? யாரும் பாக்கல. யாரோ பாத்திருக்கணும். மறுநாள் இன்னாசி சார் என்ன சொன்னாரு? மாடிப்படியில நின்னுக்கிட்டு, கரும்பு கடிச்சு ஒதடு கிழிஞ்சிருந்துச்சு அவருக்கு, அது ஞாபகம் இருக்குது, என்ன சொன்னாருன்னு ஞாபகம் இல்லையே, ஒதடு ஞாபகம் இருக்குது. "லீவு நாள்லகூட விடல சிங்காரம், வீட்ல லேப்டாப்ப தொறந்து வெச்சு..." ஆங். "தொறந்து வெச்சு பாத்துக்கிட்டேதான் இருந்தேன், என் கண்ணு முன்னாடியே நின்னுடுச்சு."

பாத்துக்கிட்டேதான் இருந்தேன். வீட்ல இருந்து அவரே நர்ஸ ஓட விட்டிருக்காரு. பொங்கப் பானை ஒரு பக்கம் கொதிக்குது, இவரு லேப்டாப்ப மடியில வெச்சுக்கிட்டு, தூங்கற புள்ளைக்கு மூச்சு வருதான்னு மூக்குகிட்ட வெரல் வெச்சுப் பாக்கற மாதிரி, சூடு எவ்வளவு, நாடி எவ்வளவு, திரும்பத் திரும்ப. வெரல் பட்டு முழிச்சுக்கிட்ட புள்ள. அந்தாளு வெச்ச பாசம்தான்யா அந்தாளு போர்ட நிறுத்துச்சு. சிரிக்கறதா அழுவறதான்னு தெரியல, வாயெல்லாம் வெத்தல, எதையும் பண்ண முடியல, மூக்கு வழியா ஏதோ வந்துச்சு, பெரியம்மா நகந்து உக்காந்தாங்க. அப்ப பொங்கலும் சரியாப் போச்சு. எல்லாம் சரியாப் போச்சு. ஒரே கோளாறு. போர்டு நல்ல போர்டு. கோடு எல்லாம் நல்ல கோடு, ஒண்ண ஒண்ணு தொடாம. இப்ப எவ்வளவு நேரம் ஆச்சு? ரெண்டு டீ என்ன, பந்தியே ஒண்ணு முடிஞ்சு எல எடுத்துட்டானுங்க. கூப்பிடல. ஷகிலா கூப்பிடல! ஓடுது! எந்திரிச்சு ஆடணும் போல இருக்குது, மாங்கா கலர் சட்டைக்கும் பொருத்தமாத்தான் இருக்கும், அண்ணன் வேற பாத்துக்கிட்டு இருக்காரு, ஏற்கனவே கோவத்துல இருக்காரு.

இரு. கூப்பிடலைன்னா? கூப்பிடலைன்னா ஓடுதுன்னு அர்த்தம்னு யாரு சொன்னா? நான்தான் சொன்னேன். நின்னா மட்டும் கூப்பிடுன்னு. நெட்வொர்க் வேலை பாக்கறவன் சொல்ற பேச்சா இது? சேதி வரலன்னா ஒண்ணுமில்லன்னு எடுத்துக்கன்னு எவனாவது சொல்லுவானா, ரெண்டு மாசம் அந்த ஒரே தப்புலதானே செத்தோம். கார்டு சொல்லிட்டேன்னு நெனச்சுது, நம்மாளு வரலன்னு நெனச்சான். இப்ப ஷகிலா கூப்பிட்டிருந்தா? போன் கெஜா கையில, தோஹா லைன்ல, நடுவுல இன்னொரு கால் வந்தா கெஜா என்ன பண்ணுவா? பாப்பா. பாத்துட்டு கட் பண்ணுவா. ஆபீஸ் கால்னா சந்தோசமா கட் பண்ணுவா. ஷகிலா சொல்லிட்டேன்னு உக்காந்திருப்பா, நான் வரலன்னு உக்காந்திருக்கேன், வெத்தல போட்டுக்கிட்டு. கெஜா கட்டை வெரல பாக்கறேன், இங்க இருந்து தெரியல, ஒரு தடவ வெரல் அசைஞ்சுது, மூக்க சொறிஞ்சாளா, கால கட் பண்ணாளா? மறுபடியும் அசைஞ்சுது. இவ்வளவு நேரமா சந்தோசமா இருந்தது எல்லாம் வெறும் சத்தம் வராத சந்தோசமா? போய் கேக்கணும். போய் கேட்டா, மறுபடியும் ஆபீசான்னு மேடையில வெச்சு தோஹா முன்னாடி மானத்த வாங்குவா. வாங்கட்டும். மானம் என்ன, இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள திரும்ப வந்துடும், போர்டு வருமா? மேளம் திடீர்னு கெட்டி மேளமா மாறுச்சு, எல்லாரும் வாசல பாக்கறாங்க, ஆசாரி வந்துட்டாரு, சின்ன டப்பாவ கையில வெச்சுக்கிட்டு, மலை எறங்கின வேர்வையோட, இந்த மண்டபத்துல இன்னும் ரெண்டு காது பாக்கின்னு அவருக்குத் தெரியும்.

"ஏங்க!" கெஜாதான், மேடையில இருந்து, மைக்குக்கு ரொம்ப கிட்ட நிக்கறா, மண்டபம் பூரா கேக்குது. "ஏங்க, உங்களத்தான்! போன்ல கால் வந்துச்சான்னு கேட்டு அங்கயே முழிச்சுக்கிட்டு இருக்கீங்களே, ஒரு காலும் வரல. யாரோ இன்னாசியாம், மெசேஜ் மட்டும் போட்டிருக்காரு." நான் எந்திரிச்சேன். எதையும் கேக்கவே இல்லையே நான், மூஞ்சியிலயே இருந்திருக்குது. "என்ன போட்டிருக்காரு?" "என்னமோ, போர்டு நிக்கல, நானும் போகலன்னு போட்டிருக்காரு. மேடமும் பக்கத்துலதான் இருக்காங்களாம், மெயில் போகலையாம். எது நிக்கல? யாருங்க எங்க போகல?" நான் வெத்தலைய முழுங்கிட்டேன். "சரிங்க, அப்பறம் சொல்லுங்க, ஆசாரி ஊசி எடுத்தாச்சு, மாமன் மடி வேணுமாம், சீக்கிரம் வாங்க, புள்ள கத்துது." வரேன்னு சொல்லிட்டு, செருப்ப கழட்டிப் போட்டுட்டு மேடைக்குப் போனேன்.